லாரி விபத்தும் நஷ்டஈடும்: குடும்பத்தார் அறிய வேண்டியவை

(புனேயில் நடந்த நம் சங்க அங்கத்தினர் குடும்பக் கூட்டத்தில், பொதுத்துறை இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றின் மோட்டார் கிளெய்ம் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சட்டம் பேசச் சொல்லி என்னை நிறுத்தியிருக்கிறார்கள். பால் பாயசத்துக்கும் மோட்டார் வாகனச் சட்டத்துக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் பிரிவு எண்களைக் கூடியவரை குறைத்து, விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். முப்பது வருஷங்களுக்கு மேல் நான் உட்கார்ந்திருந்தது எதிர்ப்பக்கத்தில். லாரி மோதி அடிபட்டவர் நஷ்டஈடு கேட்டு வந்தால், அந்த மனுவில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்த்து எங்கள் வக்கீலுக்குக் குறிப்பு எழுதுவது என் வேலை. ஆயிரக்கணக்கான ஃபைல்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையாகவே அடிபட்டு, உண்மையாகவே நஷ்டப்பட்டு, ஆனால் கையில் காகிதம் இல்லாததால் பாதித் தொகையோடு திரும்பியவர்கள் அவர்களில் ஏராளம். இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்: லாரி விபத்தில் நஷ்டஈட்டுத் தொகை பெரும்பாலும் கோர்ட்டில் தீர்மானமாவதில்லை. முதல் சில வாரங்களில், ஆஸ்பத்திரி வராந்தாவிலும் போலீஸ் ஸ்டேஷனிலும், நாம் சேர்க்கிற அல்லது சேர்க்காமல் விடுகிற காகிதங்களில் அது தீர்மானமாகிவிடுகிறது.

இன்னொரு விஷயம். நம் மனிதர்களிடம் ஒரு சங்கோசம் உண்டு. "ஏதோ கிரஹசாரம், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கோர்ட் படி ஏறி உடம்புக்கு விலை கேட்பதா?" என்பார்கள். நஷ்டஈடு பிச்சையும் இல்லை, பேராசையும் இல்லை. ரோட்டில் ஓடும் ஒவ்வொரு லாரிக்கும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்று சட்டம் வைத்ததே, வழியில் போகிற நமக்கு ஏதாவது நேர்ந்தால் பணம் எடுத்துக் கொடுக்க ஓர் இடம் இருக்க வேண்டும் என்றுதான். மரணத்துக்கோ காயத்துக்கோ அந்த இன்ஷூரன்ஸில் உச்சவரம்பு கிடையாது. பிரீமியம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. நாம் கேட்காவிட்டால் அந்தப் பணம் எந்தத் தர்மத்துக்கும் போகப் போவதில்லை.

ஒரே விபத்து, இரண்டு மனுக்கள்

என் தங்கை குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அவர்களின் சம்மதம் வாங்கியிருக்கிறேன். 2023 ஜனவரியில், நாசிக்கிலிருந்து புனேக்கு ஒரு சீமந்தத்துக்காக இரண்டு பேரும் விடியற்காலையில் காரில் கிளம்பினார்கள். கார் ஓட்டியவர் மாப்பிள்ளை. நெடுஞ்சாலையில், வண்டிகள் ஓடும் தடத்திலேயே, டயர் மாற்றுவதற்காக ஒரு டிரெய்லர் லாரி நிறுத்தப்பட்டிருந்தது. பின்விளக்கு இல்லை, சிவப்பு முக்கோணப் பலகை இல்லை, பிரதிபலிக்கும் பட்டையெல்லாம் சேறு. கார் அதன் பின்னால் போய் மோதியது. தங்கைக்குத் தொடை எலும்பு முறிந்தது. அவருக்கு வலது தோளும் மணிக்கட்டும்.

நின்றுகொண்டிருந்த வண்டியில் ஓடி வந்த வண்டி மோதியது என்பதால் போலீசார் முதல் தகவல் அறிக்கையை யார் மேல் எழுதினார்கள் தெரியுமா? கார் ஓட்டியவர் மேல்! அவர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தபோது லாரி டிரைவர் ஸ்டேஷனில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்லிவிட்டார். லாரி விபத்துகளில் இது அடிக்கடி நடக்கிறது. அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் இருப்பார். டிரைவருக்காகப் பேச முதலாளியின் ஆள் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுவார்.

உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் மனம் தளர வேண்டாம். முதல் தகவல் அறிக்கை என்பது ஆரம்பம்தான், தீர்ப்பு அல்ல. நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் கிரிமினல் கோர்ட் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் கேட்பதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு உண்டு என்று பார்க்கிறது. நாங்கள் செய்தது இவ்வளவுதான். பின்னால் வேறொரு காரில் வந்தவர் செல்போனில் எடுத்த போட்டோக்களை அன்றைக்கே வாங்கி வைத்தோம். அவர் பெயர், விலாசம் குறித்துக்கொண்டோம். தங்கையின் வாக்குமூலத்தை எழுத்தில் ஸ்டேஷனில் கொடுத்து, அதன் நகலை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஸ்தல பஞ்சநாமாவின் நகலை வாங்கினோம். அது முழுக்க மராத்தியில் இருந்தது. அதில் ஒரு வரி, டிரெய்லரின் பின்விளக்கு எரியவில்லை என்று. வழக்கைத் திருப்பிய வரி அதுதான்.

இதே மாதிரி ஒரு வழக்கில், விளக்கில்லாமல் நடுரோட்டில் நிறுத்தியிருந்த கேஸ் டேங்கரின் மேல் கார் மோதியபோது, கார் ஓட்டியவர் மேல் பங்குத் தவறு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் அர்ச்சித் சைனி வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வழக்கும் அதனதன் சாட்சியத்தைப் பொறுத்தது. மாப்பிள்ளையின் மனுவில் தீர்ப்பாயம் அவர் மேல் கால் பங்கு தவறு வைத்தது. அவருக்குக் கணக்கிட்ட தொகையில் 25 சதவீதம் கழிந்தது.

தங்கையின் மனுவில் ஒரு பைசாகூடக் கழியவில்லை. ஏன்? அவள் ஓட்டவில்லை, உட்கார்ந்திருந்தாள். இரண்டு வண்டிகளின் தவறும் சேர்ந்து மூன்றாமவருக்கு அடிபட்டால், அவர் அந்த இரண்டில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம் என்று 2015-ல் கெய்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. அவள் லாரியின் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமே முழுதும் கேட்டாள், கிடைத்தது. இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: "ஓட்டியது என் புருஷன்தானே, அவர் மேல்தானே கேஸ்" என்று பயணம் செய்த மனைவியும் குழந்தைகளும் மனுப் போடாமல் இருந்துவிடக்கூடாது. ஒவ்வொருவருக்கும் தனி உரிமை உண்டு.

முதல் வாரத்தில் சேர்க்க வேண்டியவை

வீட்டில் யாராவது ஒருவர், அழுகையெல்லாம் ஒரு பக்கம் இருந்தாலும், ஒரு ஃபைலைத் திறக்க வேண்டும். அதில் சேர வேண்டியவை:

1. லாரியின் பதிவு எண், முன்புறமும் பின்புறமும் தெரியும்படி போட்டோ. டிரெய்லர் என்றால் இழுக்கும் வண்டிக்கும் பின்னால் இருக்கும் பெட்டிக்கும் தனித்தனி எண் இருக்கலாம், இரண்டும் வேண்டும்.

2. அந்த எண்ணை எம்-பரிவாஹன் செயலியில் போட்டு, அன்றைய தேதியில் இன்ஷூரன்ஸ், ஃபிட்னஸ் எதுவரை இருக்கிறது என்று பார்த்து, திரையைப் படமெடுத்து வைக்க வேண்டும். விபத்துக்கு மறுநாள் அவசரமாகப் பாலிசி எடுக்கும் முதலாளிகள் உண்டு. பாலிசியில் தேதி மட்டுமல்ல, தொடங்கும் நேரமும் இருக்கும். என் சர்வீஸில் நான் முதலில் பார்த்ததே அந்த நேரத்தைத்தான்.

3. முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியின் எம்.எல்.சி. பதிவு. தமிழ்நாட்டில் இதை ஏ.ஆர். காப்பி என்பார்கள். அதில் "லாரி விபத்து" என்று இருக்கிறதா, "கீழே விழுந்தார்" என்று எழுதிவிட்டார்களா என்று உடனே பாருங்கள். சொன்னவர் பதற்றத்தில் ஒன்று சொல்லியிருப்பார், எழுதியவர் வேறொன்று எழுதியிருப்பார். தவறு இருந்தால் அன்றைக்கே எழுத்தில் கொடுத்துத் திருத்தம் கேளுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த ஒரு சொல்லை வைத்தே குறுக்கு விசாரணை நடக்கும்.

4. எல்லா மருந்து பில்களும், அசலாக. ஆம்புலன்ஸ், டாக்சி, கூட இருந்த ஆயா, பிசியோதெரபி, சக்கர நாற்காலி வாடகை என்று எதையும் விடாமல்.

5. முதல் தகவல் அறிக்கை, பஞ்சநாமா, வாகன ஆய்வாளரின் அறிக்கை, பின்னால் குற்றப்பத்திரிகை. லாரி யாருடையது, எந்தக் கம்பெனியில் இன்ஷூரன்ஸ் என்ற விவரத்தை அடிபட்டவர் கேட்டால் போலீசாரும் ஆர்.டி.ஓ.வும் தந்தாக வேண்டும் என்பது சட்டம்.

சிகிச்சையைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 மே மாதம் முதல் மத்திய அரசின் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் அமலுக்கு வந்திருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, ஒருவருக்கு 1,50,000 ரூபாய் வரை, திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரியில் பணம் கட்டாமல் சிகிச்சை கிடைக்கும். அட்மிஷன் கவுண்டரில் இதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

வராந்தாவில் வருகிற மனிதர்

இனி முக்கியமான கட்டம். என் தங்கை ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிவதற்குள், வராந்தாவில் ஒருவர் வந்துவிட்டார். நல்ல உடை, நல்ல பேச்சு. "மாதாஜி, ஒரு செலவும் உங்களுக்கு இல்லை. எல்லாம் நம்ம வக்கீல் சாப் பார்த்துக்கொள்வார். வந்த பிறகு முப்பது சதவீதம் கொடுத்தால் போதும்" என்று சொல்லி, காலியான வக்காலத்து ஒன்றையும், இரண்டு மூன்று வெற்றுத் தாள்களையும் நீட்டினார். தங்கையின் பெண் எனக்குப் போன் செய்தாள். "பெரியவர் வரட்டும் என்று சொல்லி அனுப்பு. பேனாவைத் தொடாதே" என்றேன்.

இவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆம்புலன்ஸ் டிரைவரிலிருந்து வார்டு பாய் வரை தகவல் சொல்ல ஆள் வைத்திருப்பார்கள். தெரிந்துகொள்ளுங்கள்: வக்கீல் ஆள் வைத்தோ நேரிலோ கேஸ் தேடி வருவது பார் கவுன்சில் விதிகளுக்கு விரோதம். வெற்றி பெற்றால் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசுவதும் விரோதம்தான். நம் நாட்டில் அதற்கு அனுமதி இல்லை. ஆகவே, அப்படி வருகிறவர் முதல் சந்திப்பிலேயே விதியை மீறியவர். அவரை நம்பி வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டால், பின்னால் உங்களுக்குத் தெரியாமல் சமரசம் பேசி முடித்துவிடவும் வழி ஏற்பட்டுவிடுகிறது.

பிறகு வக்கீலை எப்படிப் பிடிப்பது? அந்த ஊர்த் தீர்ப்பாயத்தில் தினமும் நிற்கிற வக்கீல் வேண்டும். ஹைகோர்ட்டில் பெரிய பெயர் என்பதற்காக நிலம், வாடகை வழக்கு நடத்துபவரிடம் போக வேண்டாம். மூன்று கேள்விகள் கேளுங்கள். மோட்டார் நஷ்டஈட்டு மனுக்கள் தொடர்ந்து நடத்துகிறாரா? டாக்டரைச் சாட்சியாகக் கூப்பிட்டு விசாரிப்பாரா, அல்லது சர்ட்டிபிகேட்டை மட்டும் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாரா? ஃபீஸ் எவ்வளவு, எந்தெந்தக் கட்டத்தில் என்று எழுதித் தருவாரா? கொடுக்கிற ஒவ்வொரு காகிதத்துக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். அசல்களை மொத்தமாக ஒப்படைத்துவிட்டு வராதீர்கள்.

வசதி இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டக் கோர்ட் வளாகத்திலும் சட்ட சேவைகள் ஆணையம் இருக்கிறது. 1987-ம் வருஷத்திய சட்டப்படி பெண்கள், குழந்தைகள், மாற்றுத் திறனாளிகள் ஆகியோர் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் பெறத் தகுதியுள்ளவர்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம். "இலவசம் என்றால் ஏனோதானோ" என்று நினைக்க வேண்டாம். அந்தப் பட்டியலில் நல்ல வக்கீல்களை நானே எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எங்களுக்குத் தலைவலி கொடுத்தவர்கள் அவர்கள்!

எங்கே, எப்போது?

நம்மைப் போல ஊர் ஊராகச் சிதறி வாழ்கிறவர்களுக்கு நல்ல செய்தி இது. விபத்து நடந்த ஊரில்தான் மனுப் போட வேண்டும் என்பதில்லை. 166-ம் பிரிவின்படி நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரிலும் போடலாம், எதிர்த்தரப்பார் வசிக்கும் ஊரிலும் போடலாம். நாக்பூர்க்காரர் ஆந்திராவில் அடிபட்டால் நாக்பூரிலேயே மனுப் போடலாம். லாரி ராஜஸ்தானில் பதிவானதாக இருக்கட்டும், முதலாளி ஹரியானாவில் இருக்கட்டும், நீங்கள் அவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. என் தங்கை நாசிக்கிலேயே போட்டாள்.

கெட்ட செய்தியும் உண்டு. மனுப் போடக் காலவரம்பு 1994-ல் எடுக்கப்பட்டுவிட்டது. அதனால், "எப்போது வேண்டுமானாலும் போடலாம்" என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2019-ல் திருத்திய சட்டப்படி, 2022 ஏப்ரல் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு ஆறு மாதக் கெடு மீண்டும் வந்துவிட்டது. இது செல்லுமா என்ற வழக்கில், கெடு தாண்டியது என்ற ஒரே காரணத்துக்காக மனுக்களைத் தள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்டது. அதை நம்பிக் காலம் கடத்த வேண்டாம். கட்டு பிரிக்கவில்லை, பிசியோதெரபி முடியவில்லை என்றாலும் ஆறு மாதத்துக்குள் மனுவைப் போட்டுவிடுங்கள். பில்களைப் பின்னால் சேர்க்கலாம். வட்டியும் மனுப் போட்ட தேதிக்கு முந்தி ஓடாது.

போலீசாருக்கும் இப்போது கெடு உண்டு. 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கை, 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அது கிடைத்த 30 நாளில் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒரு தொகையை முன்வைக்க வேண்டும். இந்தக் காகிதங்கள் போனதா என்று உங்கள் வக்கீலை விட்டு விசாரியுங்கள். அங்கே வருகிற தொகையைக் கண்டவுடன் சரி என்றும் சொல்லாதீர்கள், வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். முக்கியமாக 164-ம் பிரிவு: தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு 2.5 லட்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் 166-ல் போட்ட பெரிய மனு அதோடு முடிந்துபோகும்.

கணக்கு எப்படி?

காயத்துக்கான நஷ்டஈட்டில் எதையெல்லாம் சேர்க்க வேண்டும் என்று 2010-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரிசைப்படுத்திக் கொடுத்திருக்கிறது. சிகிச்சைச் செலவு, போக்குவரத்து, சத்துணவு, படுத்திருந்த காலத்து வருமான இழப்பு, நிரந்தர ஊனத்தால் வரும் எதிர்கால இழப்பு, இனி ஆகப்போகும் வைத்தியச் செலவு, வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை, முன்பு அனுபவித்த சாதாரண வாழ்க்கை போனதற்கு ஒரு தொகை.

இதில் பெரிய தொகை எதிர்கால இழப்புதான். டாக்டர் கொடுக்கும் ஊன சதவீதம் வேறு, சம்பாதிக்கும் சக்தியில் ஏற்படும் குறைவு வேறு. அதே தீர்ப்பில் உள்ள உதாரணம்: இடது கை போனால் ஒரு டிரைவருக்கோ தச்சருக்கோ ஏறக்குறைய முழுப் பிழைப்பும் போய்விடும், ஆபீஸ் குமாஸ்தாவுக்கு அப்படியில்லை. ஆகவே, "என் வேலை என்ன, அதை இனி ஏன் செய்ய முடியாது" என்பதை நீங்கள் சொல்ல வேண்டும், டாக்டர் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வயது 42, சொந்தத் தொழில், மாதம் 25,000 ரூபாய். வருஷத்துக்கு 3,00,000. சொந்தத் தொழில் செய்யும் 40 முதல் 50 வயதுக்காரருக்கு எதிர்கால முன்னேற்றத்துக்காக 25 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது 2017-ம் வருஷத்திய பிரணய் சேத்தி தீர்ப்பு. ஆக 3,75,000. சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் குறைவு என்றால் 1,12,500. இதை 2009-ம் வருஷத்திய சர்லா வர்மா தீர்ப்பு அட்டவணைப்படி இந்த வயதுக்குரிய 14-ஆல் பெருக்கினால் 15,75,000 ரூபாய்.

இப்போது அதே மனிதர், அதே காயம். ஆனால் வருமான வரிக் கணக்கும் இல்லை, பாங்க் கணக்கில் வரவும் இல்லை, எல்லாம் ரொக்கம். தீர்ப்பாயம் தானாக ஒரு தொகையை, மாதம் 12,000 என்று, வைத்துக்கொள்கிறது என்போம். அதே வழியில் போட்டால் வருவது 7,56,000. காகிதம் இல்லாததன் விலை 8,19,000 ரூபாய்!

என் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். அவள் குடும்பத்தைப் பார்த்துக்கொள்பவள். தீபாவளிக்கும் ஸ்ரீஜயந்திக்கும் ஆர்டரின் பேரில் பக்ஷணம் செய்து கொடுப்பாள். இன்ஷூரன்ஸ் வக்கீல், "வீட்டிலிருக்கும் அம்மாளுக்கு வருமானம் ஏது?" என்று கேட்டார். குடும்பத் தலைவியின் உழைப்புக்கு மதிப்புப் போட்டே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் கீர்த்தி வழக்கிலும் அதற்கு முன்பும் சொல்லியாகிவிட்டது. அதற்கு மேல், தேன்குழல் எத்தனை கிலோ, முறுக்கு எத்தனை கிலோ, யாருக்கு, எவ்வளவு என்று அவள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பாங்க் கணக்கில் வந்த பணமும் அதோடு பொருந்தியது. இனி அவளால் தரையில் உட்கார்ந்து பிழிய முடியாது, மணிக்கணக்கில் அடுப்படியில் நிற்க முடியாது என்று எலும்பு டாக்டர் சாட்சி சொன்னார். 2025-ல் தீர்ப்பு வந்தது. தொகையை இங்கே சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். அந்த நோட்டுக்குத் தனியாக மதிப்புக் கிடைத்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

மெடிக்ளெய்ம் இருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். அதில் வந்த தொகையை நஷ்டஈட்டிலிருந்து கழிக்கக்கூடாது என்று பம்பாய் ஹைகோர்ட்டின் முழு அமர்வு 2025-ல் தீர்ப்பளித்திருக்கிறது. எல்லா மாநிலங்களிலும் ஒரே பார்வை இருந்ததில்லை. ஆகவே மெடிக்ளெய்முக்கு அசல் பில்களைக் கொடுக்கும்போது, ஆஸ்பத்திரியின் முத்திரையோடு இன்னொரு செட் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

லாரிக்கே உரிய சிக்கல்கள்

டிரைவருக்கு சரியான லைசென்ஸ் இல்லை, பர்மிட் இல்லை என்று கம்பெனி வாதிக்கும். பயப்பட வேண்டாம். பொதுவாக, கம்பெனி முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு லாரி முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றே கோர்ட்டுகள் உத்தரவிடுகின்றன. 2004-ம் வருஷத்திய ஸ்வரண் சிங் தீர்ப்பு இதற்கு அடிப்படை. சிறு சரக்கு வண்டிகளைப் பொறுத்தவரை, இலகு ரக லைசென்ஸ் இருந்தாலே 7,500 கிலோ வரை உள்ள வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது.

லாரிக்கு இன்ஷூரன்ஸே இல்லை என்றால் கஷ்டம்தான். முதலாளியிடமிருந்துதான் வாங்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டியைப் போதிய ஜாமீன் இல்லாமல் விடுவிக்கக்கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வண்டி ஸ்டேஷனில் நிற்கும்போதே வக்கீல் மனுப் போட வேண்டும். போன பிறகு தேடிப் பயனில்லை. மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்றே தெரியாவிட்டால், மரணத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் கிடைக்கும். விபத்து நடந்த தாலுகாவின் வருவாய் அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும்.

நம் சமையல் காண்டிராக்டர்களுக்கும், டிரான்ஸ்ஃபரில் வீடு மாற்றுகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. சரக்கு வண்டியில் சாமானின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ போனால் இன்ஷூரன்ஸ் பொறுப்பு உண்டு. "நானும் ஏறிக்கொள்கிறேன்" என்று தொற்றிக்கொண்டவருக்குக் கிடையாது என்று 2002 டிசம்பரிலேயே ஆஷா ராணி வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. கல்யாணம் முடிந்து பாத்திரங்களின் மேல் பத்துப் பையன்களை உட்கார வைத்து டெம்போவை அனுப்புகிறோமே, அது கவிழ்ந்தால் அந்தக் குடும்பங்களின் கதி என்ன? அவர்களைத் தயவுசெய்து வேனிலோ பஸ்ஸிலோ அனுப்புங்கள். அந்தச் செலவைக் காண்டிராக்டில் சேர்த்துக் கேளுங்கள், கல்யாண வீட்டார் கொடுப்பார்கள்.

லோக் அதாலத்

கடைசியாக, சமரசம். லோக் அதாலத்தில் முடித்தால் சீக்கிரம் பணம் வரும், மேல்முறையீடு என்ற பயமும் இல்லை. ஆனால் அந்த மேல்முறையீடு உங்களுக்கும் இல்லை; அங்கே கையெழுத்துப் போட்டால் அது முடிவானது. இன்னும் ஒரு ஆபரேஷன் பாக்கி இருக்கும்போது, ஊன சதவீதம் தெரியாதபோது, போய் உட்காராதீர்கள். தீர்ப்பாயத்தின் தீர்ப்பு திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் ஹைகோர்ட் போகலாம். தொகை எதுவானாலும் அடிபட்டவரின் சொந்த பாங்க் கணக்குக்கே நேராக வரும்படி உத்தரவு கேளுங்கள். உச்ச நீதிமன்றமே 2025 மார்ச்சில் அப்படி வழிகாட்டியிருக்கிறது.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் வைத்து முடிக்கிறேன். நம் அங்கத்தினர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். விபத்து நடக்கிற இடத்தில் அடிபட்டவருக்கு ஊர் பாஷை தெரியாது. மராத்தியிலோ தெலுங்கிலோ எழுதியதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். ஒவ்வொரு ஊர்க் கிளையும் இரண்டே இரண்டு பேரை நியமிக்க வேண்டும்: ஊர் பாஷை படிக்கத் தெரிந்த ஒருவர், ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வரத் தயங்காத ஒருவர். அவர்கள் வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. அந்த முதல் வாரத்தில் பக்கத்தில் நின்று, "இதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா?" என்று படித்துச் சொன்னால் போதும். புனே கிளைக்கு என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். காலையில் பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். விபத்து என்றால் எந்த நேரமானாலும் சரி.